எழுத்துப்பிழையைத் தேடாதீர்கள், மெயில் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

ஏமாற்றிப் பாஸ்வேர்டையோ பணத்தையோ பறிக்க வருகிற ஃபிஷிங் மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் அலுவலகப் பயிற்சிகள் இன்னும் அதே நாலு பதிலைத்தான் சொல்கின்றன. எழுத்துப்பிழை இருக்கும், இலக்கணம் தடுமாறும், பெயர் சொல்லாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கும், லோகோ மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் இது சரிதான். இப்போது ஏஐ கருவியிடம் இரண்டு வரி சொன்னால் போதும், உங்கள் நிறுவனத்தின் பேச்சுநடையிலேயே பிழையில்லாத மெயில் வந்து விழும். லோகோவை நிஜ மெயிலிலிருந்தே எடுத்து ஒட்டலாம். உங்கள் பெயர், பதவி, மேலாளர் யார், எந்த புராஜெக்ட் எல்லாம் லிங்க்ட்இன்னில் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். பிழையைத் தேடிப் பழகியவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆபத்தும் உண்டு: பிழை எதுவும் கண்ணில் படாவிட்டால் 'சரி, இது நல்ல மெயில்தான்' என்று மனசு தானாக நிம்மதியாகிவிடும்.

இன்னொன்று, வேலை பார்க்கிறவர்களைக் குறிவைக்கிற மெயில் லாட்டரிப் பரிசு மாதிரி வராது, வேலை மாதிரியே வரும். அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு இன்வாய்ஸ், எச்ஆரில் இருப்பவருக்கு ரெஸ்யூமே, வழக்கறிஞருக்கு ஒப்பந்த வரைவு, மற்ற எல்லோருக்கும் 'உங்கள் பாஸ்வேர்டு இன்றோடு காலாவதியாகிறது'. தெரியாதவர் அனுப்பும் ஃபைலைத் திறக்காதே என்று எச்ஆரில் இருப்பவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். தெரியாதவர்கள் அனுப்பும் ஃபைலைத் திறக்கத்தானே அவருக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

2011-இல் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்கு நடந்தது இதுதான். மற்ற நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்கிற கம்பெனி அது. ஊழியர்களில் இரண்டு சின்னக் குழுக்களுக்கு '2011 ஆட்சேர்ப்புத் திட்டம்' என்கிற தலைப்பில் ஒரு மெயில் போனது, கூடவே ஒரு எக்செல் ஃபைல். அவர்களில் யாரும் பெரிய பதவியில் இருப்பவர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மெயில் வடிகட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்து அதை ஜங்க் ஃபோல்டரில் தள்ளியிருந்தது. தலைப்பைப் பார்த்த ஒருவர் அங்கேயிருந்து எடுத்துத் திறந்தார். எக்செல்லுக்குள் இருந்த ஃபிளாஷ் கோப்பு, அப்போது யாருக்கும் தெரியாதிருந்த ஓர் ஓட்டை வழியாகக் கணினிக்குள் புகுந்தது. கடைசியில் செக்யூர்ஐடி டோக்கன்கள் (லாகினுக்கு மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைக் காட்டும் சின்னக் கருவிகள்) தொடர்பான ரகசியத் தகவல்கள் வெளியே போயின, டோக்கன்களை மாற்றிக் கொடுக்கவும் சரிசெய்யவும் தாய் நிறுவனமான இஎம்சிக்கு 6.6 கோடி டாலர் செலவானது. திறந்தவரை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஆட்சேர்ப்புத் திட்டம் என்று ஒன்று அலுவலகத்தில் சுற்றினால் எட்டிப் பார்க்காதவர் யார்?

அனுப்புநர் பெயரை நம்பலாமா என்றால், அடிப்படையிலேயே அதற்கு இடமில்லை. மின்னஞ்சலை அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபி 1982-இல் எழுதப்பட்டது, ஒருவரையொருவர் நம்பிய சிறிய வலையமைப்புக்காக. அதில் 'அனுப்புநர்' என்கிற வரியில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம் என்கிற மாதிரி. இதைச் சரிசெய்ய எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன. இந்த டொமைன் பெயரில் (முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வருவது) அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை இருக்கிறதா, வழியில் யாரும் மெயிலைத் திருத்தினார்களா, இரண்டிலும் தேறாவிட்டால் என்ன செய்வது என்று அவை பார்த்துக்கொள்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இவற்றை வைத்திருக்கவே வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கின. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். 'இது உண்மையிலேயே இந்த டொமைனிலிருந்துதான் வந்தது' என்று மட்டும் சொல்கிறது, அந்த டொமைன் யாருடையது என்று சொல்வதில்லை. மோசடிக்காரர் காசு கொடுத்து உங்கள் வென்டர் (உங்களுக்குப் பொருளோ சேவையோ விற்பவர்) பெயரைப் போலவே ஒரு டொமைனை வாங்கி, மூன்றையும் ஒழுங்காக அமைத்து அனுப்பினால் மெயில் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும்.

அதனால் முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. போனில் மெயில் செயலி பெரும்பாலும் பெயரை மட்டும் காட்டும், பெயரைத் தொட்டால்தான் முகவரி தெரியும், அந்தப் பெயரோ அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்வது. முகவரி தெரிந்த பிறகு '@' குறிக்கு முன்னால் இருப்பதை விட்டுவிடுங்கள், அதிலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். லிங்க் என்றால் 'எச்டிடிபிஎஸ்', அதை ஒட்டி வரும் இரண்டு சாய்கோடுகள் இவற்றைத் தாண்டி, அடுத்த சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு, அதன் கடைசி இரண்டு பகுதிகளைப் பாருங்கள். 'உங்கள்நிறுவனம் டாட் காம் டாட் ஏதோஒன்று டாட் நெட்' என்று இருந்தால் அது உங்கள் நிறுவனம் இல்லை, 'ஏதோஒன்று டாட் நெட்' வைத்திருப்பவருடைய இடம். முன்னால் இருக்கும் உங்கள் நிறுவனத்தின் பெயர் வெறும் அலங்காரம். நாட்டுக் குறியீட்டில் முடியும் சில முகவரிகளில், உதாரணமாக 'டாட் கோ டாட் யூகே', கடைசி மூன்று பகுதிகளைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டு சிற்றெழுத்துகளும் அடுத்தடுத்து நின்றால் 'எம்' போலவே தெரியும், சின்னத் திரையில் சத்தியமாக வித்தியாசம் தெரியாது. ரஷ்ய மொழி எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளில் லத்தீன் 'ஏ' போலவே அச்சு அசலாக ஒன்று உண்டு. 2017-இல் ஒரு ஆய்வாளர் முழுக்க சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் டாட் காம் போலத் தெரியும் ஒரு முகவரியைப் பதிவு செய்து காட்டினார், அன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை அப்படியே ஆப்பிள் என்றுதான் காட்டின.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தைப் பார்க்கச் சொல்வது இன்னொரு பழைய அறிவுரை, இதை இன்றே மறந்துவிடலாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள், அந்தத் தளமே திருடனுடையது என்றால் திருடனோடு மிகப் பத்திரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குத் தேவையான சான்றிதழ் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. பூட்டை மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது.

முகவரி சரியாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை என்பதுதான் இதில் எரிச்சலூட்டும் பகுதி. போலிப் படிவத்தை கூகுள் ஃபார்ம்ஸிலேயே வைக்கலாம், ஷேர்பாயின்டில் வைக்கலாம், டொமைன் அசலாகத்தான் இருக்கும். 2017 மே 3 அன்று பரவிய கூகுள் டாக்ஸ் மெயிலில் போலி லாகின் பக்கமே கிடையாது. தெரிந்தவர் ஒருவர் ஓர் ஆவணத்தைப் பகிர்ந்திருக்கிறார் என்று மெயில் வரும், கிளிக் செய்தால் கூகுளின் நிஜமான பக்கம் திறக்கும். அதில் 'கூகுள் டாக்ஸ்' என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்ட ஒரு செயலி உங்கள் மெயிலையும் தொடர்புப் பட்டியலையும் பார்க்க அனுமதி கேட்கும். அனுமதித்ததும் உங்கள் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அதே மெயில் போகும். சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் அதை நிறுத்தியது. இந்த வகைத் தாக்குதலில் பாஸ்வேர்டே திருடப்படுவதில்லை, ஆகவே பாஸ்வேர்டை மாற்றியும் பிரயோஜனமில்லை, கணக்கு அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை நீக்கினால்தான் உண்டு.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? என் கருத்தில், யார் அனுப்பியது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, இந்த மெயில் என்னை என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்பது அதிகப் பலன் தரும். தோற்றத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், கோரிக்கையை மட்டும் மோசடிக்காரரால் மறைக்கவே முடியாது, ஏனென்றால் அதற்காகத்தான் மெயிலே. பாஸ்வேர்டோ ஓடிபியோ ஒரு பக்கத்தில் போடச் சொல்லும், பணத்தை அனுப்பவோ வங்கிக் கணக்கை மாற்றவோ சொல்லும், ஏதோ ஒன்றைத் திறந்து இயக்கச் சொல்லும், ஏதோ ஒன்றுக்கு அனுமதி கொடுக்கச் சொல்லும். இதில் எதையும் கேட்காத மெயில், வெறும் 'ஆபீஸில் இருக்கிறீர்களா?' என்று வந்தால், அது அடுத்த மெயிலில் கேட்கப்போகிறது.

ஒரு மெயிலைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அக்கவுன்ட்ஸில் இருக்கிற ஒருவருக்கு, ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பதில்கள் போய்வந்த ஒரு தொடரில், வென்டரிடமிருந்து இப்படி வருகிறது:

'போன வாரம் பேசியபடி திருத்திய இன்வாய்ஸை இணைத்திருக்கிறேன். எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்த முறை மட்டும் இன்வாய்ஸில் உள்ள புதிய கணக்குக்கு அனுப்பவும். இன்று முழுக்க மீட்டிங்கில் இருப்பேன், போன் எடுக்க முடியாது, மெயிலிலேயே பதில் போட்டால் உடனே பார்க்கிறேன். தாமதக் கட்டணம் வராமலிருக்க நாளைக்குள் முடித்தால் நல்லது.'

முதல் வரி முழுக்க உண்மை. போன வாரம் பேசியிருக்கிறார்கள், இன்வாய்ஸ் தொகையும் சரியாக இருக்கிறது. வென்டர் பக்கத்தில் யாரோ ஒருவரின் மெயில்பெட்டி எப்போதோ திருடர் கைக்குப் போய், அவர் நாள்கணக்கில் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், பணம் கைமாறும் நேரம் வரும்வரை. இரண்டாவது வரிதான் கோரிக்கை, 'இந்த முறை மட்டும்' என்பது அதன் மேல் தடவிய தேன். மூன்றாவது வரியைத்தான் நான் மெயிலிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன்: போன் எடுக்க முடியாது. மோசடியை உடைக்கக்கூடிய ஒரே வழியை அந்த வரி முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. நிஜ வென்டர் பணம் வர வேண்டும் என்றால் நள்ளிரவிலும் போன் எடுப்பார். நான்காவது வரி அவசரம். முகவரி? சில சமயம் அதே நிஜ முகவரியே இருக்கும், சில சமயம் ஓர் எழுத்து மாறிய டொமைனிலிருந்து வந்து பழைய தொடரைக் கீழே ஒட்டிவைத்திருக்கும், சில சமயம் அனுப்புநர் சரியாக இருந்து, 'பதில்' அழுத்தினால் மட்டும் வேறொரு முகவரிக்குப் போகும். முகவரியைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தால் அது அதிர்ஷ்டம். வங்கிக் கணக்கை மாற்றச் சொல்கிறது, அதனால் விசாரிக்காமல் செய்ய மாட்டேன் என்று இருந்தால் முகவரி எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

இது பெரிய நிறுவனங்களுக்கு நடக்காது என்று நினைப்பவர்களுக்கு: லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசாஸ்கஸ் என்பவர், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். கூகுளும் ஃபேஸ்புக்கும் குவான்டாவிடம் நிஜமாகவே வன்பொருள் வாங்குபவர்கள். 2013 முதல் 2015 வரை அந்தப் பெயரில் இன்வாய்ஸும் போலி ஒப்பந்தங்களும் அனுப்பி இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார்கள். 2019-இல் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. உலகத்திலேயே மெயில் வடிகட்டும் தொழில்நுட்பத்தில் கெட்டிக்காரர்களான கூகுள் ஆட்களே, சாதாரண இன்வாய்ஸ் ஒன்றில் ஏமாந்தார்கள். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்தின் 2023 அறிக்கையில் இந்த வகை வணிக மெயில் மோசடிக்கு 21,489 புகார்கள், இழப்பு 290 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டில் சாதாரண ஃபிஷிங் புகார்கள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம், இழப்பில் இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

கோரிக்கைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, மெயில் உங்களை எந்த மனநிலைக்குத் தள்ளுகிறது என்பது. அவசரம் எல்லோருக்கும் தெரிந்தது. ரகசியம் அதைவிடக் கெட்டது. ஆஸ்திரியாவின் எஃப்ஏசிசி என்கிற விமான உதிரிபாக நிறுவனத்தில், தலைமை அதிகாரி அனுப்பியது போல நிதித்துறை ஊழியருக்கு மெயில் வந்தது. ஒரு நிறுவனத்தை ரகசியமாக வாங்குகிறோம், பணம் அனுப்பு என்று. சுமார் 5 கோடி யூரோ போனது, அதில் ஒரு கோடி அளவுக்குத்தான் நிறுத்த முடிந்தது. 2016 மே மாதம் அந்தத் தலைமை அதிகாரிக்கே வேலை போனது. 'யாரிடமும் சொல்லாதே' என்று சொல்கிற மேலதிகாரியின் மெயில், சொல்வதற்கு ஒரு ஆளைத் தேட வேண்டிய மெயில். அந்தச் சமயத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் 'ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க' என்று திரையைக் காட்டினாலே பாதி மோசடிகள் விழுந்துவிடும் என்பது என் எண்ணம், சத்தமாக வாசித்தால் அபத்தம் தானாகவே காதில் விழும்.

சரி, விசாரிப்பது என்றால் எப்படி விசாரிப்பது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த மெயிலுக்கே பதில் போட்டு 'இது நீங்கள்தானா?' என்று கேட்டால், 'ஆமாம் நான்தான்' என்று திருடர் பதில் போடுவார். மெயிலின் அடியில் உள்ள போன் எண்ணை அழைத்தாலும் அதே கதை. பழைய ஒப்பந்தத்தில், உங்கள் வென்டர் பதிவேட்டில், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற எண்ணை நீங்களே அழைக்க வேண்டும். நீங்கள் அழைப்பது வேறு, அவர்கள் அழைப்பது வேறு என்பதற்கு அரூப் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் 2024 தொடக்கத்தில் நடந்தது சாட்சி. நிதித்துறை ஊழியருக்கு ரகசியப் பரிவர்த்தனை பற்றி ஒரு மெயில் வந்தது, அவருக்குச் சந்தேகமும் வந்தது. அப்புறம் ஒரு வீடியோ மீட்டிங்கில் தலைமை நிதி அதிகாரியையும் தெரிந்த சக ஊழியர்களையும் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அந்த மீட்டிங்கில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் டீப்ஃபேக், அதாவது ஏஐ உருவாக்கிய போலி முகமும் குரலும். 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. அந்த ஊழியர் சரியாகத்தான் சந்தேகப்பட்டார், ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ளும் வழியைத் திருடர்களே ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

லிங்க்குக்கும் இதே விதிதான். வங்கியோ மைக்ரோசாஃப்டோ கணக்கில் பிரச்சினை என்று மெயில் அனுப்பினால், மெயிலை மூடிவிட்டு பிரவுசரில் நீங்களே முகவரியைத் தட்டியோ புக்மார்க்கிலிருந்தோ உள்ளே போங்கள். நிஜமான பிரச்சினை என்றால் அங்கேயும் தெரியும். 2016 மார்ச் 19 அன்று, ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு 'உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது, உடனே மாற்றுங்கள்' என்று கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. அவருடைய அலுவலகத்தினர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார்கள், தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் போலி என்று எழுத நினைத்து அசல் என்று தட்டிவிட்டதாகப் பின்னால் சொன்னார். எல்லோரும் இந்தத் தட்டச்சுப் பிழையைத்தான் கதையாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்தப் பதிலிலேயே கூகுளின் நிஜமான பாதுகாப்புப் பக்கத்தின் முகவரியும் இருந்தது. அதை அழுத்தியிருந்தால் மெயில் அசலோ போலியோ, ஒன்றும் ஆகியிருக்காது. அழுத்தப்பட்டது முதல் மெயிலில் இருந்த பட்டன். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அவருடைய மெயில்கள் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வரத் தொடங்கின.

இனி, கண்ணையே நம்பாத பாதுகாப்பு. பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு காவலாளியும்கூட என்பது பல நேரம் தெரிவதில்லை. நிஜத் தளத்தில் தானாக நிரப்பும் மேனேஜர் இன்று ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், டொமைன் வேறாக இருக்கலாம் என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 'எம்' போலத் தெரிகிற 'ஆர்என்' அதற்கு அப்படித் தெரியாது. அந்த நேரத்தில் எரிச்சலோடு பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் மாட்டுகிறோம்.

ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதும் முழுக்கச் சரியில்லை. இப்போதைய போலிப் பக்கங்கள் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் போடுவதை அதே நொடியில் நிஜத் தளத்துக்கு அனுப்பி, நிஜத் தளம் கேட்கும் ஓடிபியை உங்களிடம் கேட்டு வாங்கி, உள்ளே போய்விடுகின்றன. போனில் 'நீங்கள்தானா? ஆம்/இல்லை' என்று கேட்கும் முறையை வேறு மாதிரி உடைக்கிறார்கள்: திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பது. 2022 செப்டம்பரில் ஊபர் அமைப்புக்குள் நுழைந்தது அப்படித்தான், ஒப்பந்த ஊழியர் ஒருவர் பல முறை வந்த கோரிக்கைகளில் ஒன்றை ஏற்றுக்கொண்டார். நீங்கள் லாகின் செய்யாதபோது வருகிற எந்த ஒப்புதல் கேள்விக்கும் 'இல்லை', அப்புறம் உடனே ஐடி டீமுக்குத் தகவல். பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம்.

நடுவில் உட்காரும் இந்தத் தந்திரத்தைத் தாங்குவது பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் ரகசியச் சாவி) யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவியும்தான், ஏனென்றால் அவற்றின் பதில் அந்த டொமைனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போலித் தளத்தில் நீங்களே மனமுவந்து சாவியைத் தொட்டாலும் வருகிற பதில் நிஜத் தளத்தில் செல்லாது. 2022-இல் டுவிலியோ, கிளவுட்ஃபிளேர் இரண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எஸ்எம்எஸ் ஃபிஷிங் வந்தது. டுவிலியோவில் திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். கிளவுட்ஃபிளேரில் மூன்று பேர் பாஸ்வேர்டைப் போட்டே விட்டார்கள், ஆனால் எல்லா ஊழியர்களிடமும் சாவி இருந்ததால் அதற்கு மேல் நகரவில்லை. கூகுளும் 2017 தொடக்கத்திலிருந்து தன் 85,000-க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கியபின், வேலைக் கணக்கு எதுவும் ஃபிஷிங்கில் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று 2018-இல் சொன்னது. உங்கள் அலுவலகத்தில் பாஸ்கீ வசதி இருந்தும் இன்னும் இயக்காமல் வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம், முதலில் அதைச் செய்யுங்கள்.

அட்டாச்மென்ட் பற்றிச் சுருக்கமாக. 2015 டிசம்பரில் உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு ஏறக்குறைய 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றது. அதற்கு மாதங்களுக்கு முன்பே ஊழியர்களுக்கு மெயிலில் வந்த ஆபீஸ் ஃபைல், 'உள்ளடக்கத்தைப் பார்க்க மேக்ரோவை (ஃபைலுக்குள் இருக்கும் சின்ன நிரல்) இயக்கவும்' என்று கேட்டது, இயக்கினார்கள். இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவை 2022-இல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கத் தொடங்கியது. அதனால் திருடர்கள் பாஸ்வேர்டு போட்ட ஜிப், எச்டிஎம்எல் ஃபைல், கியூஆர் கோடு என்று தாவிவிட்டார்கள். கியூஆர் கோடின் சௌகரியம் அவர்களுக்கு என்னவென்றால், அலுவலகக் கணினியின் காவலையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் சொந்த போனுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறது. அண்மையில் அதிகமாகியிருக்கும் ஒன்று, 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டவும்' என்று கேட்கும் பக்கம். நீங்கள் ஒட்டுவது வைரஸை இறக்கும் கட்டளை. இப்படிக் கேட்கிற நேர்மையான இணையதளம் எதுவும் கிடையாது.

பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவ அமைப்பில் சுமார் 19,500 ஊழியர்களை வைத்து எட்டு மாதம் நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. போலி ஃபிஷிங் மெயில் அனுப்பி, மாட்டியவர்களுக்குப் பாடம் காட்டும் வழக்கமான பயிற்சி, ஏமாறும் விகிதத்தை 1.7 சதவீதம்தான் குறைத்தது. 2020 டிசம்பரில் கோடாடி நிறுவனம் பெருந்தொற்று நேரத்தில் ஊழியர்களுக்கு 650 டாலர் போனஸ் என்று மெயில் அனுப்பி, கிளிக் செய்தவர்களிடம் 'சோதனையில் தோற்றீர்கள்' என்றது, பிறகு மன்னிப்புக் கேட்டது. இப்படிச் செய்தால் ஊழியர்கள் ஜாக்கிரதையாவதை விட, அடுத்த முறை நிஜமாக மாட்டும்போது வாயைத் திறக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், அலுவலகமே மூன்றாம் நபர் டொமைனிலிருந்து 'இன்றைக்குள் இந்தச் சர்வேயை முடிக்கவும், லாகின் செய்ய இங்கே கிளிக் செய்யவும்' என்று நிஜ மெயில் அனுப்புகிறது. ஃபிஷிங் போல மெயில் அனுப்பிவிட்டு ஃபிஷிங்கைக் கண்டுபிடி என்றால் எப்படி?

மாட்டிவிட்டால் என்ன செய்வது என்பது அதனால் மாட்டாமல் இருப்பதற்குச் சமமான விஷயம். வெறுமனே லிங்க்கைத் திறந்து மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். மெயிலை அழிக்க வேண்டாம், ஐடி டீமுக்கு அதுதான் தடயம், அதே மெயில் வேறு யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்து அவர்கள் திறக்கும் முன் எடுத்துவிட முடியும். ஃபைலை இயக்கியிருந்தால் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டுப் போனில் ஐடியை அழையுங்கள். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, மேலதிகாரிக்கு விளக்கம் எழுதுவதெல்லாம் அப்புறம்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பாக நிறுத்தச் சொல்லத்தான் வாய்ப்பு இருக்கிறது, அது மணிக்கணக்கில் கரையும்.

பாஸ்வேர்டைப் போட்டுவிட்டீர்கள் என்றால் வேறொரு நல்ல கணினியிலிருந்து அதை மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டு வேறெங்கு இருந்தாலும் அங்கேயும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே உள்ளே வந்தவர் பழைய லாகினில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம், எனவே 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்த வேண்டும், தெரியாத செயலிகளுக்கான அனுமதிகளை நீக்க வேண்டும், மீட்பு எண்ணாகப் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது மெயில் விதிகளை. 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் மெயில்களை எல்லாம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளி, படித்ததாகக் குறித்து, ஒரு நகலை வெளி முகவரிக்கு அனுப்பு என்று ஒரு விதியைத் திருடர் எழுதிவைத்திருப்பார். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த விதி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் பார்த்த வென்டர் மெயிலை எழுதியவர் தொடரைப் படித்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இப்படித்தான். ஜிமெயிலில் அமைப்புகளுக்குள் 'வடிகட்டிகள்', 'ஃபார்வர்டிங்' இரண்டு பகுதிகளையும், அவுட்லுக்கில் 'விதிகள்' பகுதியையும் திறந்து, நீங்கள் எழுதாத எதுவும் அங்கே இருந்தால் படம் எடுத்து ஐடிக்கு அனுப்பிவிட்டு நீக்குங்கள். எதிலும் மாட்டாதவர்களும் இப்போதே ஒருமுறை திறந்து பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை.